குட்டிகள் சறுக்கிய சரிவு

மகள் அழைத்தபோது நான் வேலையில் நின்றேன். டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் ஒரு வைத்தியசாலையின் சமையலறையில் பல வருடங்களாகச் சமையற்காரனாக இருக்கிறேன். மதியச் சாப்பாடு வார்டுகளுக்குப் போய் முடிந்து, பெரிய சட்டிகளைக் கழுவப் போட்டுவிட்டு ஒரு கோப்பியுடன் உட்கார்ந்த நேரம்.

"அப்பா, வசந்தத்தில் ஆறு கிழமை லீவு எடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

அவள் டென்மார்க்கில் பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் அது முதலில் சண்டையாக இருந்தது, பிறகு பழக்கமாகிவிட்டது. அவள் சொன்னவற்றை இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உயிரியல் படிக்கும் அவள், தன் பட்டப்படிப்பின் கடைசி ஆய்வுக்காகக் கிழக்கு கிரீன்லாந்துக்கு ஒரு குழுவோடு போகிறாள். பனிக்கரடிகள் குளிர்காலம் முடிந்து குட்டிகளோடு வளையை விட்டு வெளியே வருவதைப் பார்த்துக் குறிப்பெடுப்பது வேலை. குழுவோடு போகவிருந்த சமையற்காரர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். வேறு ஆளை உடனே தேட வேண்டும்.

"நான் உங்களைச் சொல்லிவிட்டேன்" என்றாள்.

முதியோர் இல்லத்தில் வேலைசெய்யும் என் மனைவி, அன்று பின்னேரம் வேலை உடுப்போடேயே குசினி வாசலில் நின்று இதைக் கேட்டாள்.

"பிள்ளை போறாள் எண்டதுக்கே எனக்கு நித்திரை இல்லை. இப்ப நீங்களும் போறியளோ?"

"நான் சமைக்கத்தானே போறன். கரடி பாக்கிறது அவளின்ர வேலை."

"கரடிக்கு அது தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு உடுப்பு மாற்றப் போனாள்.

மார்ச் மாதக் கடைசியில் ஐஸ்லாந்து வழியாகப் போய்ச் சேர்ந்தோம். உறைந்த கடலோரத்தில் நாலு மரக் குடில்கள். பின்னால் மலை, முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனிக்கட்டி. நாங்கள் மொத்தம் ஏழு பேர். குழுத் தலைவி ஐம்பது வயதைத் தாண்டிய டேனிஷ் பெண்; சத்தமாகச் சிரிப்பாள், விதிமுறை என்று வந்தால் சிரிக்கமாட்டாள். காவலுக்கும் பனி ஸ்கூட்டர் ஓட்டவும் அந்தப் பக்கத்து வேட்டைக்காரர் ஒருவர் வந்திருந்தார்.

போன மறுநாளே தலைவி என்னைக் குடிலுக்குப் பின்னால் கூட்டிப்போய் என் கையில் ஒரு துவக்கைத் தந்தாள். எனக்குக் கை பின்னுக்குப் போனது. துவக்கைத் தொடாமல் இருக்க வேண்டும் என்றுதான் பத்தொன்பது வயதில் யுத்தம் நடந்த ஊரை விட்டு ஓடிவந்தவன் நான். அதை அவளிடம் சொன்னேன்.

"எனக்கும் பிடிக்காது" என்றாள். "ஆனால் இங்கே சமையற்காரரும் சுடத் தெரிந்திருக்க வேண்டும். குப்பை கொட்டப் போகும்போதுகூட இது தோளில் இருக்கும். முதலில் கரடியை விரட்டச் சத்தவெடி பிஸ்டல். அதற்கும் விலகாவிட்டால், வேறு வழியே இல்லை என்றால் மட்டும் இது."

ஒரு கடதாசிப் பெட்டியில் வட்டம் கீறி வைத்துச் சுடப் பழக்கினாள். மூன்றாம் நாள் நான் வட்டத்துக்குள் சுட்டேன். மகள் கைதட்டினாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை.

முதல் இரண்டு கிழமையும் என் உலகம் குசினிக் குடிலோடு முடிந்துவிட்டது. பாணுக்கு மாப் பிசைந்து சுடுவது, சூப் வைப்பது, உறைந்த இறைச்சியை அடுப்பருகில் வைத்து இளக்குவது. கதவைத் திறக்குமுன் யன்னலால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். மூலை திரும்பும்போது நின்று பார்க்க வேண்டும். காற்றில் ஒரு தார்ப்பாய் அடித்தாலும் கரண்டியை வைத்துவிட்டு யன்னலுக்குப் போனேன். மற்றவர்கள் இரவில் அயர்ந்து தூங்கினார்கள். நான் குடிலைச் சுற்றி இருக்கும் ஒவ்வொரு சத்தத்தையும் பாடமாக்கிக்கொண்டு கிடந்தேன்.

சாப்பிடும்போது மகள் கரடிகளைப் பற்றிக் கதைப்பாள். வீட்டில் ஒரு வார்த்தையில் பதில் சொல்கிற பிள்ளை, அங்கே கரண்டியை வைத்துவிட்டுக் கைகளால் கதை சொன்னாள். எல்லாப் பனிக்கரடியும் குளிர்காலத்தில் வளைக்குள் தூங்குவதில்லையாம். ஆண் கரடிகள் இருட்டிலும் பனிக்கட்டி மேல் அலைந்து சீல் என்கிற கடல்நாயைத் தேடிக்கொண்டே இருக்கும். வயிற்றில் குட்டி இருக்கிற பெண் கரடிதான் பனிச் சரிவைத் தோண்டி உள்ளே போகும். ஜனவரிப் புதுவருட காலத்தில் குட்டி போடும். போடும்போது குட்டி ஒரு பெரிய எலி அளவுதான். வசந்தத்தில் அதை வெளியே கொண்டுவரும் வரை தாய்க்குச் சாப்பாடு கிடையாது.

"அவ்வளவு காலமும் ஒண்டும் சாப்பிடாதோ?" என்று கேட்டேன்.

"ஒன்றும் இல்லை. உடம்பில் இருக்கிற கொழுப்புத்தான். அதிலேயே இரண்டு குட்டிகளுக்குப் பாலும் கொடுக்கும்."

வாழ்க்கை முழுக்க மற்றவர்களுக்குச் சாப்பாடு போடுகிறவன் நான். மாதக் கணக்கில் பசித்த ஒரு தாய், எங்கள் குடில்களில் இருந்து நடந்து போகிற தூரத்தில், பனிக்கடியில் இருக்கிறது என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. பாண் வாசனை வெளியே போகிறதே என்று கதவிடுக்குகளைத் துணியால் அடைத்தேன். தலைவி பார்த்துச் சிரித்தாள்.

"அது உங்கள் பாணை நீங்கள் வந்த முதல் நாளே மணந்திருக்கும்" என்றாள்.

வளையைப் பார்ப்பதற்கு, எதிர்ச் சரிவில் பலகையால் ஒரு சின்னக் கூண்டு வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் நீளமான ஒடுக்கமான யன்னல், மற்றப் பக்கம் கதவு. இரண்டு பேர் நெருக்கியடித்து இருக்கலாம். தனியே யாரும் போகக்கூடாது. காய்ச்சல் என்று ஒரு மாணவன் படுத்துவிட்டதால், மகளோடு நான் போக வேண்டி வந்தது.

அன்று கரடிகள் வெளியே வந்திருந்தன. தொலைநோக்கியில் முதலில் தாயைப் பார்த்தேன். வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பனிக்கு முன்னால் அது பழைய வெண்ணெய் நிறத்தில் இருந்தது. இடுப்பெலும்பு தெரிந்தது. பனியில் முகத்தைத் தேய்த்து, முதுகால் உருண்டு, கால்கள் நாலையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது.

பிறகு குட்டிகள். சரிவின் உச்சிக்கு ஏறி, வயிற்றில் படுத்து, முன்கால்களை நீட்டிக்கொண்டு கீழே வழுக்கி வந்தன. கீழே வந்ததும் உடம்பை உதறிவிட்டு மறுபடி மேலே ஓடின. ஒன்று ஏறும்போது மற்றது அதன் பின்காலைப் பிடித்து இழுத்தது. இரண்டும் கட்டிப்பிடித்து உருண்டு தாயின் வயிற்றில் வந்து மோதின. தாய் ஒரு கையால் ஒன்றை அமத்திப் பிடித்தது. மற்றது தாயின் காதைக் கடித்தது. நான் என்னை மறந்து சிரித்துவிட்டேன்.

"உஷ்!" என்றாள் மகள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இது விளையாட்டு எண்டு எப்பிடி எழுதுவாய்? சண்டையாகவும் இருக்கலாம்தானே?"

"கடிக்கிறது, ஆனால் காயம் இல்லை. துரத்துகிறது, பிறகு தானே திரும்பித் துரத்தப்படுகிறது. எந்தப் பிரயோசனமும் இல்லாமல் திரும்பத் திரும்பச் செய்கிறது. பெரிய ஆண் கரடிகளும் செய்யும். இலையுதிர் காலத்தில் கடல் உறையும் வரை கரையில் காத்திருக்கும்போது இரண்டு கரடி எழுந்து நின்று கட்டிப்புரளும். பார்த்தால் கொலை நடக்கிற மாதிரி இருக்கும். முடிந்ததும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துவிடும்."

"இன்னும் எத்தினை நாள் இதில நிக்குங்கள்?"

"குட்டிகளுக்குக் குளிர் பழகும் வரை. பிறகு தாய் கடலுக்குக் கூட்டிப்போய்விடும். சீல் குட்டி போடுகிற காலம் தொடங்குகிறது. அதுதான் அவளுடைய முதல் சாப்பாடு."

கடலுக்கான வழி எங்கள் கூண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, பள்ளத்தாக்கின் மற்ற ஓரத்தால் போகும் என்றாள். முந்தின வருடங்களில் எல்லாத் தாய்க்கரடிகளும் அந்த வழியாகத்தான் போயிருந்தனவாம்.

அதற்குப் பிறகு நானே கேட்டுக் கேட்டு அவளோடு போனேன். மாவைப் பிசைந்து பொங்க வைத்துவிட்டு ஓடுவேன். பயம் குறையவில்லை. ஆனால் குட்டிகளைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அது நடந்த நாளில் வேட்டைக்காரர் எங்களைக் கூண்டில் இறக்கிவிட்டு, தலைவியோடு அடுத்த குடாவில் இருந்த கமராவைப் பார்க்கப் போயிருந்தார். காலையில் இருந்தே கடல் பக்கமிருந்து மூடுபனி வந்துகொண்டிருந்தது. எதிர்ச் சரிவு பாதிதான் தெரிந்தது. மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் கமராவின் பற்றரி இறங்கிவிட்டது. மாற்றுப் பற்றரி, ஸ்கூட்டரில் இருந்து கழற்றி வெளியே விட்டிருந்த சறுக்குவண்டியில் இருந்தது. வண்டி கூண்டுக் கதவுக்கு நேரே, ஒரு சின்ன வீட்டு வளவின் நீளத் தூரத்தில் நின்றது.

விதிமுறைப்படிதான் எல்லாம் செய்தோம். அவள் பிஸ்டலையும் ஒரு வோக்கிடோக்கியையும் எடுத்துக்கொண்டு போனாள். நான் மற்ற வோக்கியும் துவக்குமாகக் கதவில் நின்று நாலு பக்கமும் பார்த்தேன். அவள் வண்டிக்குப் போய்ச் சேர்ந்து குனிந்ததைக் கண்டேன். அப்போதுதான் மூடுபனி ஒரு துணியைப் போர்த்தது போல இறங்கியது. வண்டியும் இல்லை, மகளும் இல்லை.

"பிள்ளை, நிக்கிறியோ?" என்று வோக்கியில் கேட்டேன்.

"நிற்கிறேன். பை கட்டு இறுகிவிட்டது. ஒரு நிமிஷம்."

எங்கேயோ பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. அவள்தான் நடக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு சிணுங்கல் மாதிரி, நாய்க்குட்டி முனகுவது மாதிரி. அதற்குப் பின்னால் ஆழமான ஒரு மூச்சு.

மூடுபனி கொஞ்சம் விலகியது. வண்டியின் முன்பக்கத்தில், என் பக்கமாக, இரண்டு குட்டிகளும் நின்றன. இந்தத் தாய் கடலுக்கு எங்கள் ஓரத்தால் இறங்கியிருக்கிறது; சரிவில் சறுக்கிய வேகத்தில் குட்டிகள் அதைத் தாண்டி வந்திருக்க வேண்டும். ஒன்று வண்டியில் கட்டியிருந்த கயிற்றை வாயால் இழுத்தது. மற்றது வழியடையாளத்துக்கு நட்டிருந்த செம்மஞ்சள் கொடித்தடியைக் கட்டிப்பிடித்து ஆட்டியது. வண்டியின் பின்பக்கத்தில் மகள் குந்தியிருந்தாள். அவளுக்கும் அப்பால், மூடுபனிக்குள், தாய்.

தாய், மகள், குட்டிகள், நான். எல்லாரும் ஒரே நேர்கோட்டில் நின்றோம்.

துவக்கை உயர்த்தினேன். குழலின் நுனிக்கு நேரே என் மகளின் நீலத் தொப்பிதான் இருந்தது. இறக்கினேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மெல்ல அசைத்தாள். பொறுங்கள் என்று அர்த்தம். பிறகு குந்தியபடியே பக்கவாட்டில் நகரத் தொடங்கினாள். தாய்க்கும் குட்டிகளுக்கும் நடுவில் இருந்து விலகப் பார்க்கிறாள் என்று விளங்கியது. அதுதான் சரி. தலைவி எங்களுக்குச் சொல்லித்தந்ததும் அதுதான்.

ஆனால் அவளுடைய தோளில் பற்றரிப் பை தொங்கியது. பையின் வார் பனியில் இழுபட்டது. கொடித்தடியை விட்டுவிட்டு ஒரு குட்டி அதைப் பார்த்தது. தலையைச் சரித்தது. முன்கால்களை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கியது. அந்த நிலையை நான் தொலைநோக்கியில் எத்தனையோ முறை பார்த்துச் சிரித்திருக்கிறேன். பாய்ந்து வாரைக் கவ்வியது.

மகள் பையைத் தோளால் நழுவவிட்டாள். குட்டி பையோடு மல்லாக்க விழுந்தது. மற்றதும் ஓடிவந்து அதன் மேல் ஏறியது. என் பிள்ளையின் சப்பாத்தில் இருந்து கை எட்டும் தூரத்தில் இரண்டும் கட்டிப்புரண்டு விளையாடின.

தாய் மூச்சை உரக்க விட்டது. குட்டிகள் கேட்கவில்லை. மறுபடி விட்டது. தலையைத் தாழ்த்தி, காதுகளைப் பின்னுக்குச் சாய்த்து, ஓடிவரத் தொடங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு ஓடியும் ஒரு சத்தமும் இல்லை.

நான் கதவை விட்டு வெளியே வந்தேன். வலப்பக்கமாக ஓடினேன், பனியில் முழங்கால் வரை புதையப் புதைய. மகள் நேர்கோட்டில் இல்லாத ஒரு இடம் வேண்டும், அதைத் தவிர எதுவும் மூளையில் இல்லை. ஓடியபடி கத்தினேன். என்ன கத்தினேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். "ஏய்! இஞ்ச பார்! இஞ்ச!" என்றுதான்.

கரடி நின்றது. என் பக்கம் திரும்பி, பின்கால்களில் எழுந்தது. இப்போது இடையில் யாரும் இல்லை. துவக்கைத் தோளில் வைத்தேன். அதன் முன்தோளுக்குக் குறிவைத்தேன். அதன் மூக்கு காற்றில் அசைந்தது. என் கை நடுங்கவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது. கரடி மறுபடி நாலு காலில் இறங்கி என்னை நோக்கி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது.

வெடிச் சத்தம் கேட்டது. நான் சுடவில்லை. மகள் எழுந்து நின்று சத்தவெடியைக் கரடிக்கும் எனக்கும் நடுவில் போட்டிருந்தாள். சிவப்புப் பொறி பனியில் சீறியது. குட்டிகள் பையை விட்டுவிட்டு அலறிக்கொண்டு தாயிடம் ஓடின. தாய் குறுக்கே திரும்பி அவற்றின் பின்னால் வந்து, மூக்கால் தள்ளித் தள்ளிக் கடல் பக்கம் கொண்டுபோனது. ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு மூடுபனிக்குள் மூன்றும் இல்லாமல் போயின.

கூண்டுக்குள் வந்து கதவைச் சாத்தினோம். அவள் வோக்கியில் தலைவியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். குரல் அமைதியாக இருந்தது. வோக்கியை வைத்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"பொறுங்கள் என்று கை காட்டினேன். ஏன் வெளியே வந்தீர்கள்?"

"அது உன்னட்ட ஓடி வருது. நான் கதவில நிண்டு பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

"அது என்னிடம் வரவில்லை. குட்டிகளிடம் வந்தது. நான் இன்னும் இரண்டடி நகர்ந்திருந்தால் அது என்னைத் தாண்டிப் போயிருக்கும்."

"போயிருக்கும் எண்டு உனக்கு அது சொன்னதோ?"

அவள் கையுறையைக் கழற்றினாள். விரல்கள் வெளிறிப்போயிருந்தன. நான் பிடித்துத் தேய்க்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"நீங்கள் சுடப்போனீர்கள். நான் பார்த்தேன். அதனால்தான் அவசரப்பட்டு வெடியைப் போட்டேன்."

நான் துவக்கைச் சுவரில் சாய்த்து வைத்தேன். "நீ கரடிக்குப் பயந்து போடேல்லையோ? எனக்குப் பயந்தோ போட்டனி?"

"இரண்டுக்கும்தான்" என்றாள். பிறகு அழுதாள். சின்ன வயதில் விழுந்தெழும்பி வந்து அழுவது போல, மூக்கைத் துடைக்காமல் அழுதாள். நான் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

தலைவி முதலில் எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்தாள். பிறகு வேட்டைக்காரரோடு சுற்றி நடந்து கால்தடங்களைப் பார்த்தாள். நான் கதவை விட்டது பிழை என்றாள். மூடுபனி வருவது தெரிந்தும் மகள் பற்றரிக்குப் போனதும், தான் எங்களை அந்த நேரம் அங்கே விட்டுப் போனதும் பிழை என்றாள். அன்றிலிருந்து நான் கூண்டுக்குப் போகக்கூடாது என்று முடிவானது. அதில் நியாயம் இருந்தது. போவதற்கு அங்கே கரடியும் இல்லை, வளை வெறுமையாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து வேட்டைக்காரர் கடற்பனியில் தடம் பார்த்துவிட்டு வந்து, தனக்குப் பழக்கமில்லாத டேனிஷில் மெதுவாக எனக்குச் சொன்னார்: தாய் ஒரு சீலைப் பிடித்துவிட்டது, குட்டிகள் இரண்டும் இருக்கின்றன. நான் குசினிக்குள் போய் ஒரு தேவையும் இல்லாமல் இன்னொரு தட்டுப் பாணுக்கு மாப் பிசைந்தேன். மகள் வந்து மாவை உருட்டித் தந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவளுடைய அம்மாவுக்குச் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சு இலையுதிர் காலம் வரை தாங்கியது. ஆய்வு எழுதி முடித்த அன்று மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். புட்டும் கத்தரிக்காய்க் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏதோ கதையில் எல்லாவற்றையும் தானாகவே சொல்லிவிட்டாள். மனைவி சாப்பாட்டுக் கையை உயர்த்தியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"துவக்கு உங்கட கையிலதானே இருந்தது. ஏன் சுடேல்லை?"

மகளும் என்னைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை அவள் அத்தனை மாதமும் கேட்கவில்லை.

"முதல்ல பிள்ளை நேர நிண்டவள். சுட்டா அவளிலதான் படும்" என்றேன். "பிறகு அது என்னட்டத் திரும்பினது. இன்னொரு பாய்ச்சல் பாய்ஞ்சிருந்தா சுட்டிருப்பன்."

"குட்டியள்?" என்று கேட்டாள் மகள். தமிழில்தான் கேட்டாள்.

"அதுகளும் செத்திருக்கும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் சுட்டிருப்பன்."

அவள் தலையாட்டினாள். கோபப்படவில்லை. மனைவி எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மகளின் தலையில் ஒருமுறை கையை வைத்து எடுத்தாள். பிறகு அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் புட்டுப் போட்டாள்.

"வாற வசந்தத்துக்கும் போறியோ?" என்று கேட்டாள்.

"போறன்" என்றாள் மகள்.